பெட்டிக்குள் திரும்பிப் போகாத ஸ்லாட் கார் தடம்

கேள்வி: பிள்ளைகளுக்காக ஒரு ஸ்லாட் கார் பந்தய செட் வாங்கினோம். ஒரு மாதம் ஓடியது, பிறகு பெட்டிக்குள் போய்விட்டது. வீட்டில் நிரந்தரமாக ஒரு தடம் அமைக்க எவ்வளவு இடம் வேண்டும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

எங்கள் வீட்டிலும் முதல் செட் ஒரு மாதத்தில்தான் பெட்டிக்குள் போனது. மகளுக்கு அப்போது எட்டு வயது. வரவேற்பறைக் கம்பளத்தின்மேல் தடத் துண்டுகளைக் கோத்து, சாப்பாட்டு நேரத்தில் கழற்றி, மறுநாள் மறுபடி கோத்து என்று மூன்று வாரம் ஓட்டினோம். நான்காவது வாரம், "அப்பா, கார் அங்கேயே நின்று நின்று போகிறது, எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டாள். சலிப்பு அவளிடம் இல்லை, தடத்தில்தான் இருந்தது என்பது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. கார் நின்று போகும் தடத்தில் யாருக்கும் பந்தயம் பிடிக்காது. உங்கள் பிள்ளைகளுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக இந்த விளையாட்டின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். தடத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு காடி, அதாவது நீளமான ஒரு பள்ளக் கோடு, உண்டு. காரின் மூக்குக்குக் கீழே நாக்குபோல் நீண்டிருக்கும் ஒரு சிறு தகடு அந்தக் காடிக்குள் இறங்கியிருக்கும். காடியின் இருபுறமும் உலோகப் பட்டைகள். நாக்கின் இருபுறமும் உள்ள செம்பு இழைப் பின்னல்கள் அந்தப் பட்டைகளில் உரசி மோட்டாருக்கு மின்சாரத்தை எடுத்துக்கொள்கின்றன. கையிலுள்ள கன்ட்ரோலரின் விசையை அழுத்தும் அளவுக்கு வேகம். ஸ்டியரிங் கிடையாது. வளைவில் விசையைத் தளர்த்தாவிட்டால் கார் காடியை விட்டு வெளியே பறந்துவிடும். எங்கே விடுவது, எங்கே மறுபடி அழுத்துவது என்பதுதான் ஆட்டம்.

நான் இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயரில் வசிக்கிறேன். பக்கத்தில் ஹேவண்ட் என்றொரு ஊர். ஃப்ரெட் ஃபிரான்சிஸ் என்பவரின் மினிமாடல்ஸ் நிறுவனம் அங்குதான் இருந்தது. 1952-இல் ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில் சாவி கொடுத்து ஓட்டும் தகரக் கார்களைக் கொண்டுவந்த அவர், பிறகு அவற்றுக்கு மின்மோட்டார் பொருத்தி 1957-இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்று காட்டினார். இதனால் இந்தப் பக்கத்து வீடுகளின் பரண்களில் பழைய தடங்கள் நிறையத் தூங்குகின்றன. என்னுடைய தடத்தில் பாதி அப்படிப் பரணிலிருந்து இறங்கி வந்ததுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் வேலை, தடத்தைத் தரையிலிருந்து எடுப்பது. கம்பளத்தின் பஞ்சும் தலைமுடியும் அச்சில் சுற்றிக்கொள்கின்றன, பின்னலில் சிக்கிக்கொள்கின்றன. தரையில் மிதிபடும் தடத்தின் இணைப்புகள் தளர்கின்றன. தினமும் கழற்றிக் கோப்பதில் இணைப்பு நாக்குகள் தேய்கின்றன. கார் "நின்று நின்று" போவதற்குக் காரணம் இவைதாம்.

எட்டுக்கு நான்கு அடி ப்ளைவுட் பலகை ஒன்று போதும். இங்கு அதிகம் புழங்கும் 1:32 அளவு (நிஜக் காரின் 32-இல் ஒரு பங்கு) ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கார்களையும் தடத்தையும் வைத்துக் கணக்குச் சொல்கிறேன். தடத்தின் அகலம் 156 மில்லிமீட்டர், இரண்டு காடிகளுக்கும் இடைவெளி 78 மில்லிமீட்டர், நேர்த்துண்டின் நீளம் 350 மில்லிமீட்டர். வளைவுத் துண்டுகளுக்குச் சிறியதிலிருந்து பெரியதாக முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆரம் என்று பெயர். செட்டுகளில் வழக்கமாக வரும் இரண்டாம் ஆர வளைவில் தடத்தின் நடுக்கோட்டு ஆரம் 370 மில்லிமீட்டர். அப்படியானால் அரைவட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். பலகையின் அகலம் 122 என்பதால் இருபுறமும் 16 சென்டிமீட்டர் மிச்சமாகிறது. இந்த மிச்சம் வீண் இடம் அன்று. வளைவில் காரின் பின்பகுதி வெளியே சறுக்கும், அது சறுக்க இடம் வேண்டும். மூன்றாம் ஆர வளைவைப் போட்டால் அகலம் 121 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். பலகையில் அடங்கும், ஆனால் தடம் தவறிய கார் ஒவ்வொன்றும் தரையில் விழும். பெரிய வளைவு என்ற ஆசையில் நான் முதலில் அதைத்தான் போட்டேன். ஒரு வாரத்தில் இரண்டு கார்களின் பின் இறக்கை உடைந்த பிறகு மாற்றினேன்.

எடையையும் யோசியுங்கள். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மர இழைகளை அழுத்திச் செய்த) பலகை எட்டுக்கு நான்கு அடியில் சுமார் 40 கிலோ வரும். 9 மில்லிமீட்டர் ப்ளைவுட்டுக்குக் கீழே மரச்சட்டம் அடித்தால் அதில் பாதிதான், வளையவும் வளையாது. என்னுடையதைக் கராஜின் கூரையில் நான்கு கப்பிகள் மாட்டிக் கயிற்றால் மேலே ஏற்றிவிடுகிறேன். ஏற்றியதும் நான்கு மூலையிலும் சங்கிலிக் கொக்கி மாட்ட வேண்டும். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கயிற்றை மட்டும் நம்பக் கூடாது. இறக்கினால் இரண்டு மரத் தாங்கிகளின்மேல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் உட்காரும். மேலிருந்து இறக்கி முதல் சுற்றுப் போக மூன்று நிமிடம். இந்த மூன்று நிமிடம்தான் எங்கள் தடத்தைக் காப்பாற்றியது. அரை மணி நேரம் கோக்க வேண்டிய தடத்தை ஒரு பள்ளி நாள் மாலையில் யாரும் எடுக்க மாட்டார்கள். பலகையைச் சுவரோரம் நிறுத்தாமல் நான்கு பக்கமும் நடக்க வழி விடுங்கள். விழுந்த காரை எடுத்து வைக்கக் கை எட்டாத மூலையில்தான் கார்கள் விழும்.

துண்டுகளைப் பலகையில் பொருத்தும்போது திருகாணிகளை இறுக முடுக்காதீர்கள். கராஜ் போன்ற இடத்தில் குளிருக்கும் வெயிலுக்கும் பிளாஸ்டிக் சுருங்கி விரியும். தடம் விளிம்பில் சற்று அசைய இடம் கொடுத்துப் பிடித்தால் போதும்.

பாதையை வரையும்போது ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். எட்டு அடிப் பலகையில் இரண்டாம் ஆர வளைவுகளும் பக்கத்துக்கு நான்கு நேர்த்துண்டுகளும் கொண்ட முட்டை வடிவப் பாதை ஒரு சுற்றுக்கு 5 மீட்டர் சொச்சம் வரும். இதில் உள்காடிக்கும் வெளிக்காடிக்கும் நீள வித்தியாசம் 49 சென்டிமீட்டர். இடைவெளி 78 மில்லிமீட்டரை இரண்டு பையால் (2π) பெருக்கினால் வரும் எண் அது. பாதையை நீங்கள் எப்படி நெளித்தாலும், தன்னைத் தானே குறுக்கே வெட்டாதவரை, இந்த 49 மாறாது. முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு வேறு வேறு வடிவங்களில் துண்டுகளை எண்ணிப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. பத்துச் சுற்றில் அது கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று. வெளிக்காடியில் வளைவு அகலம் என்பதால் வேகம் கொஞ்சம் கூடும், ஆனாலும் முழுவதும் ஈடாகாது. தோற்கும் பிள்ளை "உள்ளே இருக்கிறவள்தான் எப்போதும் ஜெயிக்கிறாள்" என்று அழுதால் அதில் நியாயம் இருக்கிறது.

தீர்வு எட்டு வடிவம். ஒரு பக்கம் இடமாகத் திரும்பிய அளவுக்கு மறுபக்கம் வலமாகத் திரும்புவதால் இரண்டு காடிகளும் ஒரே நீளமாகிவிடும். நடுவில் ஒரு பாலம் வேண்டும். பாலத்துக்கான ஏற்றத்தையும் இறக்கத்தையும் நீளமாகவும் சீராகவும் வையுங்கள். திடீரென்று மேடு வந்தால் நாக்கு காடியை விட்டு எழும்பிவிடும். பாலத்துக்கு இடமில்லையென்றால் கிளப்புகளில் செய்வதுபோல் ஒவ்வொருவரும் இரண்டு காடிகளிலும் சம எண்ணிக்கையில் ஓட்டி மொத்தச் சுற்றுகளைக் கூட்டிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் முறை. சண்டை நின்றுவிட்டது.

அடுத்தது மின்சாரம். பலரும் தடுமாறுவது இங்கேதான். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 15 வோல்ட்டை ஒட்டி வரும் நேர்மின்சாரம் ஒரே துண்டில் நுழைந்து, ஒவ்வொரு இணைப்பையும் தாண்டிச் சுற்றி வருகிறது. இணைப்புக்கு இணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக இழப்பு. மின்சாரம் நுழையும் இடத்தில் பாயும் கார் எதிர்மூலையில் தள்ளாடும். வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டரை வைத்தால் எல்லா இடத்திலும் 15 என்றே காட்டும், ஏனென்றால் மின்சாரத்தை இழுக்கும் சுமை இல்லாதபோது இழப்பு தெரியாது. நான் செய்வது இது: மோட்டார் வண்டியின் பக்கவிளக்குக்கான 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டேன். ஒரு விசையை முழுதாக அழுத்திப் பிடிக்க மகளை நிறுத்திவிட்டு, துண்டு துண்டாகப் பட்டைகளில் பல்பைச் சில நொடிகள் மட்டும் தொட்டுக்கொண்டே போவேன். எந்த இணைப்பைத் தாண்டியதும் வெளிச்சம் மங்குகிறதோ அந்த இணைப்பு பழுது. அதைக் கழற்றி, நாக்குகளைச் சுத்தம் செய்து, தளர்ந்திருந்தால் மெல்லக் குறட்டால் இறுக்கிக் கோத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாதை பத்து மீட்டரைத் தாண்டினால், பலகைக்கு அடியில் தனிக் கம்பி ஓட்டி எதிர்முனையிலும் மின்சாரம் கொடுங்கள். இடப்பட்டை இடத்தோடும் வலப்பட்டை வலத்தோடும் சேர வேண்டும். மாற்றிக் கொடுத்தால் குறுக்குச் சுற்று ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு. ஒரே சிறிய டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு கார்களும் ஓடினால், ஒரு கார் விழுந்த கணத்தில் மற்றதற்கு மின்சாரம் கூடி அது பாய்ந்து தானும் விழும். பக்கத்தில் இருப்பவன் விழுந்ததற்கு நான் ஏன் விழ வேண்டும் என்று மகள் கேட்டது இதனால்தான். காடிக்கொரு மின்வழங்கி வைத்ததும் தீர்ந்தது. வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். காரணம் அடுத்ததில் வருகிறது.

இன்றைய கார்கள் பலவற்றின் வயிற்றில் ஒரு காந்தம் இருக்கிறது. அது எஃகுப் பட்டையைப் பிடித்துக்கொள்வதால் விசையை முழுக்க அழுத்தினாலும் கார் பெரும்பாலான வளைவுகளில் விழாது. சிறு பிள்ளைக்கு முதல் வாரத்தில் அது நல்லது. அதற்குப் பிறகு ஆட்டத்தையே அது கொன்றுவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. விழாத காரில் பழக என்ன இருக்கிறது? காந்தத்தைக் கழற்றுங்கள். மின்னழுத்தத்தை 10 அல்லது 11 வோல்ட்டுக்குக் குறையுங்கள். பின் சக்கர டயர்களை உப்புத்தாளின்மேல் மெதுவாக ஓடவிட்டு வட்டம் சரிசெய்யுங்கள். தேவைப்பட்டால் காரின் அடித்தளத்தில் சில கிராம் ஈயத் தகடு ஒட்டுங்கள். இப்போது காரின் வால் வளைவில் அழகாக வெளியே வீசும், விசையில் விரல் நகம் அளவு அசைவுக்கும் பதில் சொல்லும். நொடிக்கு 3 மீட்டர் ஓடும் 1:32 கார், அளவைப் பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 345 கிலோமீட்டர். அந்த வேகத்தை விரலால் அடக்கும் சுகத்தைக் காந்தத்துக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

பராமரிப்பு சிறிதுதான், ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். பஞ்சு விழாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துப் பட்டைகளைத் துடையுங்கள். துணி கறுத்து வருவதைப் பார்த்தால் கார் ஏன் நின்றது என்று புரியும். துருவை எடுக்க இரும்புக் கம்பளியைத் தொடவே தொடாதீர்கள். உதிரும் இரும்பு இழைகள் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டும், பட்டைகளுக்கு நடுவே மின்சாரத்தையும் பாலம் கட்டிவிடும். சமையலறைப் பாத்திரம் தேய்க்கும் நைலான் நார் போதும். கராஜில் குளிர்காலத்து ஈரம் பட்டைகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று இதையே ஆண்டு முழுவதும் செய்யும். ஓட்டாதபோது பழைய போர்வை ஒன்றால் மூடி வையுங்கள். காரின் பின்னல் இழைகளை நுனியில் சற்று விரித்து, பட்டையில் படுக்கும்படி மெல்ல வளைத்துவிடுங்கள். இழை தேய்ந்து மெலிந்தால் மாற்றுங்கள், விலை அற்பம். அச்சுத் தாங்கிகளில் ஊசி முனையால் ஒரு துளி எண்ணெய். டயரில் பட்டுவிடக் கூடாது.

டிஜிட்டல் வகை பற்றியும் கேட்பீர்கள். ஒரே காடியில் பல கார்கள், நடுவில் காடி மாறுதல் என்று அதில் வசதிகள் அதிகம், விலையும் அதிகம். நான்கு பேர் ஓட்டும் வீட்டுக்கு அது நல்ல தேர்வு. முதல் தடத்துக்குப் பழைய முறையே போதும். எம்.டி.எஃப். பலகையில் ரௌட்டர் என்ற மரம் குடையும் கருவியால் காடி வெட்டிச் செம்பு நாடா ஒட்டிச் சொந்தமாகத் தடம் செய்பவர்களும் உண்டு. இணைப்பே இல்லாத அந்தத் தடத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், கார் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் அது பாதை பிடித்துப்போன பிறகு செய்யும் வேலை. வெட்டிய காடியை மாற்ற முடியாது.

செலவைக் குறைக்கப் பழைய தடம் வாங்குங்கள். பலகை, சட்டம், கப்பி, இரண்டாவது மின்வழங்கி ஆகியவற்றுக்குத்தான் நான் புதிதாகப் பணம் செலவழித்தேன். தடத் துண்டுகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் வாங்கியவை. ஒரே நிறுவனத்திலேயே பழைய வகைத் துண்டும் புதிய வகைத் துண்டும் நேராகச் சேராது, இணைப்புத் துண்டு தனியாக வேண்டும். ஆகவே வீட்டிலுள்ள துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். சட்டைப் பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இருக்கட்டும். அதன் இரண்டு முனைகளையும் காரின் இரண்டு பின்னல்களில் தொட்டால் சக்கரம் சுழல வேண்டும். சுழன்றால் வாங்குங்கள்.