மேடைக்குப் போகும் வழி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் வீணை வாசிப்பவள். சிறுவயதில் போலியோ தாக்கியதால் சக்கர நாற்காலியில்தான் நடமாடுகிறேன். சென்ற மார்கழியில் ஒரு சபாவில் எனக்கு வாய்ப்பளித்தார்கள். வாசலில் சாய்தளம் இருந்தது. மேடைக்கோ பக்கவாட்டுப் படிகள் மட்டுமே. தொண்டர்கள் நால்வர் என்னை நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். அரங்கமே பார்த்துக்கொண்டிருந்தது, சிலர் கைகூடத் தட்டினார்கள். கச்சேரியின் தொடக்க உருப்படியான வர்ணம் முடியும் வரை என் கை நடுக்கம் நிற்கவில்லை. இதைக் குறையாகச் சொன்னால் நன்றி கெட்டவள் என்று நினைப்பார்களோ?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சொல்லுங்கள், அம்மா, எழுத்திலேயே சொல்லுங்கள். தூக்கியவர்களின் நல்ல மனத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாற்காலி சாயும் அந்தக் கணத்தில் உங்கள் உடல் உங்கள் வசத்தில் இல்லை. கச்சேரி தொடங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது எந்தக் கலைஞருக்கும் அந்த நிலை வரக்கூடாது. வாசலோடு சாய்தளத்தை நிறுத்திக்கொண்டவர்கள், மாற்றுத்திறனாளி பாட்டுக் கேட்க வருவார் என்று நினைத்திருக்கிறார்களே தவிர, மேடையில் அமர்ந்து வாசிக்க வருவார் என்று நினைக்கவில்லை. இத்தனைக்கும் புல்லாங்குழலைக் கச்சேரி மேடையின் தனி வாத்தியமாக உயர்த்திய சரப சாஸ்திரிகள் உங்கள் கும்பகோணத்துக்காரர், பார்வையற்றவர். 2005-ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற வயலின் வித்வான் எம். சந்திரசேகரனும் பார்வையற்றவரே. நம் சங்கீதத்துக்கு நீங்கள் விருந்தாளி அல்ல.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்காகப் பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றே கொள்கிறது. ஆகவே ‘எங்களுடையது தனியார் சபா’ என்ற பதில் செல்லாது. ஏற்கெனவே உள்ள கட்டடங்களைச் சீரமைக்க, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. அவகாசம் 2022-லேயே முடிந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோவதற்கான அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்திருந்த விதியைச் செல்லாது என்று அறிவித்த உச்ச நீதிமன்றம், கட்டாயத் தரங்களை வகுக்குமாறு 2024 நவம்பர் 8 அன்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

கடிதத்தில் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான அளவு. மூன்றடி மேடைக்கு முப்பத்தாறு அடியும், இருபுறம் கைப்பிடியும், இடையில் நின்று இளைப்பாறச் சமதளமும் வேண்டும். இடமில்லாமல் பத்தடிப் பலகையைச் சாய்த்துவைத்தால் அது சாய்தளம் ஆகாது, சறுக்குமரம்தான் ஆகும். அத்தனை நீளத்துக்கு இடமில்லாத சபா நாற்காலியோடு மேலே ஏற்றும் ஒரு சிறிய மேடைத் தூக்கியை (லிஃப்ட்) அமைக்கலாம். அதுவும் இயலாவிட்டால், அன்றைய கச்சேரிக்கு எல்லாக் கலைஞர்களுக்குமாக ஓரடி உயரத்தில் தாழ்ந்த மேடை போடலாம். ஒப்பனை அறையின் கதவகலத்தையும் கழிப்பறையையும் விட்டுவிடாதீர்கள். கழிப்பறைக்குப் போக வழியிருக்காது என்று அஞ்சி, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து பாடுகிறவர்களை நான் அறிவேன். வறண்ட தொண்டையோடு ஒருவரைப் பாட வைத்துவிட்டு, நாம் சுருதி சுத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

கேள்வி: பொங்கலையொட்டி எங்கள் ஊரில் பட்டிமன்றம், நாட்டியம், தெருக்கூத்து என மூன்று நாள் கலைவிழா நடத்துகிறோம். காது கேளாதோரும் வரவேண்டும் என்று சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறோம். அது போதுமா?
– விழாக்குழுச் செயலாளர் ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: தொடங்கியிருக்கிறீர்கள் என்பதே பெரிய நிறைவு. ஆனால் ஒருவர் போதாது. கேட்டுக்கொண்டே கைகளால் சொல்வது மூளையையும் தோளையும் ஒருங்கே களைப்படையச் செய்யும் வேலை. இருபது நிமிடத்துக்கொருமுறை மாறிக்கொள்ள இருவர் வேண்டும். அவர்கள் மேல் விளக்கு விழ வேண்டும், பின்னணியில் பூவேலைத் திரை இருக்கக்கூடாது, அவர்கள் தெளிவாகத் தெரியும் இருக்கைகளை ஒதுக்கிவைக்க வேண்டும். பட்டிமன்றத்தின் சிலேடையும் கூத்தின் பாட்டும் கேட்ட மாத்திரத்தில் பெயர்க்கக் கூடியவை அல்ல. ஆகவே பேச்சாளர்களிடமும் கூத்து வாத்தியாரிடமும் கேட்டு, வரிகளை ஒரு வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

காது கேளாதோர் எல்லோருக்கும் சைகை மொழி தெரியாது. வயதான பிறகு கேட்கும் திறனை இழந்தவர்களுக்குத் தமிழ் எழுத்துதான் துணை. பேசப் பேசத் தட்டச்சு செய்து திரையில் காட்ட ஒருவரை அமர்த்துங்கள்.

அழைப்பிதழிலும் கவனம் வேண்டும். ‘விவரங்களுக்கு அழைக்கவும்’ என்று தொலைபேசி எண்ணை மட்டும் அச்சிட்டால், காது கேளாதவர் எப்படி அழைப்பார்? குறுஞ்செய்தியும் வாட்ஸ்அப்பும் அனுப்பலாம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழைப் படமாக மட்டும் பரப்பினால், பார்வையற்றவரின் கைப்பேசியில் உள்ள திரைவாசிப்பான் அதை நம்பகமாகப் படித்துச் சொல்லும் என்று சொல்ல முடியாது. அதே செய்தியை எழுத்தாகவும் அனுப்புங்கள். எந்தெந்த வசதி உண்டு என்பதோடு எது இல்லை என்பதையும் எழுதிவிடுங்கள். வந்து ஏமாந்து திரும்புவதைவிட, வராமல் இருக்கலாமா என்பதை அவரே முடிவுசெய்வது நல்லது.

தெருக்கூத்தில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: அது தரையிலேயே நிகழும் கலை. சக்கர நாற்காலிக்காரர்களை ஓரமாகத் தனியே ஒதுக்காமல், குடும்பத்தோடு முன்வரிசையிலேயே அமரும்படி இடம் விடுங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் பார்வையற்றவர்களை ஒப்பனை நடக்கும் இடத்துக்கு அழைத்துச் சென்று, கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரக் கிரீடத்தையும் தோளில் அணியும் புஜக்கட்டையையும் தொட்டுப் பார்க்கவிடுங்கள். துரியோதனன் களத்துக்குள் வரும்போது எழும் சலங்கைச் சத்தத்துக்குப் பின்னால் எத்தனை பெரிய உருவம் வருகிறது என்பதை விரல்கள் அறிந்திருக்கும்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் ஒன்பது வயது மகனுக்கு மிருதங்கம் என்றால் உயிர். கச்சேரியில் எழுந்து நடக்கிறான், குரல் எழுப்புகிறான் என்று எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். இனி அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லதா?
– ஒரு தாய், மதுரை

பதில்: வேண்டாம், நிறுத்திவிடாதீர்கள். விளக்கை முழுவதும் அணைக்காமல், ஒலியைச் சற்றுக் குறைத்து, எழுந்து போகவும் திரும்பி வரவும் பார்வையாளர்களை அனுமதிக்கும் இளக்கமான காட்சிகளைப் பிரிட்டன் நாடக அரங்குகள் பல ஆண்டுகளாக நடத்திவருகின்றன. நம் சபாக்கள் கூட்டம் குறைவான ஒரு பகல்நேரக் கச்சேரியை இப்படி அறிவித்தாலே தொடக்கம் கிடைத்துவிடும். உங்கள் ஊர் சபாவுக்கு இதை எழுதுங்கள். அதுவரை, கதவை ஒட்டிய இரண்டு இருக்கைகளையும், மிருதங்கம் தனித்து முழங்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும் உத்தேச நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். அந்த நேரத்துக்கு மகனோடு உள்ளே போய், அவனுக்குப் போதும் என்று தோன்றும்போது வெளியே வந்துவிடலாம்.