மடை இருந்த இடத்தில் மனை: சென்னைப் புறநகர் நிலம் பற்றிக் கேள்வி பதில்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் நிலம் வாங்கியவர்கள், விற்றவர்கள், விற்க மறுத்து உட்கார்ந்திருப்பவர்கள் என்று பலரும் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். நான் நில அளவைப் பிரிவிலும், பிறகு மனைப்பிரிவு வரைபடங்களைச் சரிபார்க்கும் மேசையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வக்கீல் அல்ல. வழக்கில் இருக்கும் நிலங்களைப் பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, கூடுவாஞ்சேரியைத் தாண்டி உள்ளே அரை கிரவுண்டு மனை பார்த்திருக்கிறோம். "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்கிறார்கள். தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள வரைபடத்தையும் காட்டினார்கள். வாங்கலாமா?

வேண்டாம், தம்பி.

மனைப்பிரிவுக்குத் தன்னிச்சையாக அங்கீகாரம் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ (சி.எம்.டி.ஏ.) நகர் ஊரமைப்பு இயக்ககமோ (டி.டி.சி.பி.) முதலில் தொழில்நுட்ப ஒப்புதல் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊராட்சியின் கையெழுத்து. முன்னது இல்லாமல் பின்னது மட்டும் இருக்கும் தாளை வைத்து வீடு கட்ட அனுமதியும் வாங்க முடியாது, வங்கிக் கடனும் வாங்க முடியாது.

இப்படி விற்கப்பட்ட மனைகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போனதால்தான், 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு இன்றைக்கும் அந்த வேலையைச் செய்கிறது. அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்த 2017இல் வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு மட்டும்தான். புதிதாகக் கல் நட்டுவிட்டு "பிறகு வரன்முறை செய்து தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேட்க வேண்டியவை இரண்டு எண்கள்: அங்கீகார எண், ரேரா (மனை, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண். மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு ரேராவில் பதிவாகியிருக்க வேண்டும். எண்களை விளம்பரத் தாளிலிருந்து எடுக்காமல் அந்தந்த இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அங்கே இருக்கும் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு போய்த் தரையோடு ஒப்பிடுங்கள். பூங்கா என்று போட்ட இடத்தில் மனைக்கல் நட்டிருந்தால் அது உங்கள் கண்ணிலேயே படும்.

கேள்வி: மதுராந்தகம் பக்கம் "பண்ணை மனை" என்று 20 சென்ட் துண்டுகளாக விற்கிறார்கள். மாங்கன்றும் சொட்டுநீரும் அவர்களே போட்டுத் தருகிறார்கள். இதற்கு அங்கீகாரம் தேவையில்லையாமே?

விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே விற்கிறோம் என்பது அவர்கள் வாதம். அதனால் பதிவு நடந்துவிடும். சிக்கல் அதன் பிறகு. பத்திரத்தில் நீங்கள் வாங்கியது புஞ்சை. வாரக் கடைசியில் தங்க ஒரு வீடு கட்ட நினைத்தால், அங்கீகரிக்கப்பட்ட மனை எங்கே என்று கேட்பார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். நடுவே போகும் அந்த முப்பதடி செம்மண் சாலை யார் பெயரில் இருக்கிறது? முறையான மனைப்பிரிவில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பண்ணை மனையில் அது பெரும்பாலும் விற்றவர் பெயரிலேயே பட்டாவில் கிடக்கும். அவருக்குப் பிறகு வாரிசுகள் அதை விற்றால் நீங்கள் பாதை கேட்டு நீதிமன்றம் போக வேண்டும். உண்மையிலேயே மாமரம் வளர்க்கத்தான் ஆசை என்றால், இதே பணத்துக்குச் சாலைப் புறம்போக்கை ஒட்டிய நிலத்தை நேராக ஒரு விவசாயியிடம் வாங்கலாம். அதில் அலங்கார வளைவு இருக்காது, அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் ஊர் சி.எம்.டி.ஏ.வுக்குள் வந்துவிட்டது என்று தரகர் சொல்கிறார். இனி எல்லா நிலமும் குடியிருப்பு நிலம்தானே?

இல்லை. 2022 அக்டோபரில் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது உண்மை. ஆனால் 2026 வரைக்குமான இரண்டாம் முழுமைத் திட்டம் பழைய 1,189க்காக எழுதப்பட்டது. எல்லைக்குள் வந்ததால் மட்டும் உங்கள் புல எண்ணின் (சர்வே எண்) நிலப் பயன்பாடு மாறிவிடாது. பழைய எல்லைக்குள்ளேயே விவசாய மண்டலம் உண்டு. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குத் தனிக் கட்டுப்பாடும் உண்டு. புல எண்ணைச் சொல்லி நிலப் பயன்பாட்டுச் சான்று வாங்குங்கள்.

கேள்வி: திருக்கழுக்குன்றம் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. மேல்வயல்காரர்கள் மூன்று பேரும் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் மண் அடித்து மூன்றடி உயர்த்திச் சுற்றுச்சுவர் கட்டிவிட்டார்கள். ஏரி மடையிலிருந்து வந்த கால்வாய் சுவரோடு நின்றுவிட்டது. மழைக்காலத்தில் என் வயலில் தண்ணீர் வடியாமல் நாற்று அழுகுகிறது. மற்ற நாளில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பேசாமல் விற்றுவிடு என்கிறான் மகன்.

அண்ணா, விற்பது உங்கள் முடிவு. ஆனால் கால்வாய் அடைபட்ட நிலையில் விற்காதீர்கள். தண்ணீரை நிறுத்தினால் பக்கத்து நிலம் தானாக விலைக்கு வரும், அதுவும் குறைந்த விலைக்கு வரும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

முதலில் புலப்படத்தையும், ஊரின் எல்லாப் புல எண்களும் உள்ள 'அ' பதிவேட்டின் நகலையும் வாங்குங்கள். கால்வாய்க்குத் தனிப் புல எண்ணோ உட்பிரிவு எண்ணோ இருந்து, பதிவேட்டில் "வாய்க்கால் புறம்போக்கு" என்று எழுதியிருந்தால் அது அரசு நிலம். சுவர் அதன் மேல் நிற்கிறது என்றால், 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அதை அகற்றுவது வருவாய்த் துறையின் வேலை. தாசில்தாருக்கு மனு கொடுத்து, அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஏரியின் ஆயக்கட்டு (அதனால் பாசனம் பெறும் நிலம்) நூறு ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறைப் பொறியாளருக்கும், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் மாற்றி அனுப்பிய மனுக்கள் மேசைக்கு மேசை நகர்ந்து அடுத்த மழையே வந்துவிடும்.

கால்வாய் பட்டா நிலத்துக்குள்ளேயே வழக்கத்தால் ஓடியது என்றால் கதை வேறு. அப்போது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம்தான் துணை. இருபது ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தியதைக் காட்ட வேண்டும். அதற்கு உங்கள் கையில் இருக்கும் நல்ல சாட்சி அடங்கல். ஆண்டுதோறும் என்ன பயிர், எந்தப் பாசனம் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வைத்திருப்பார். ஏரிப்பாசன நெல் என்று வரிசையாக இருக்கும் பக்கங்களின் நகலை எடுத்துக்கொண்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள்.

கூடவே, அந்த மனைப்பிரிவின் அங்கீகாரக் கோப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நான் பார்த்த வரைபடங்களில் கால்வாய் பெரும்பாலும் நீலக் கோடாக ஒழுங்காக இருக்கும். குறுக்கே சாலை வரும் இடத்தில் சிறுபாலம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். தரையில் போய்ப் பார்த்தால் பாலம் இருக்க வேண்டிய இடத்தில் ஓரடி பிளாஸ்டிக் குழாய் ஒன்று. அதன் வாயில் சிமெண்ட் சாக்கும் தெர்மாகோலும் அடைத்துக் கிடக்கும். உங்கள் ஊரிலும் அப்படி இருந்தால் படம் எடுத்து, நிபந்தனையின் நகலோடு சேர்த்து, அங்கீகாரம் தந்த அலுவலகத்துக்கே அனுப்புங்கள். நிபந்தனை மீறல் என்ற சொல்லுக்கு அங்கே ஓரளவு பயம் இருக்கிறது.

கேள்வி: எங்களிடம் இருப்பது தாத்தா காலத்துப் பட்டா. இப்போது ஏரி உள்வாய் என்கிறார்கள். பட்டா இருந்தால் எப்படி ஏரியாகும்?

ஆகும். பழைய ஏரிகளில் நிறைமட்டத்துக்குள்ளேயே பட்டா நிலங்கள் இருப்பது செங்கல்பட்டுச் சீமைக்குப் புதிதல்ல. மார்கழி வரை மூழ்கிக் கிடக்கும். தண்ணீர் இறங்கியதும் வெள்ளரியோ கேழ்வரகோ போடுவார்கள். அந்தப் பட்டா பயிர் செய்வதற்கு. அதில் வீடு கட்டினால் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும்.

வீடு கட்டியவர்கள் அதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழிதான் எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. ஏரி நிரம்பி வழியும் கலங்கலின் தலையை இரவோடு இரவாகக் கடப்பாரையால் கொத்திவிடுவார்கள். ஓரடி குறைந்தால் போதும், உள்வாயில் இருக்கும் வீடுகளுக்குத் தண்ணீர் எட்டாது. அந்த ஓரடித் தண்ணீர் கீழே இருக்கும் ஊருக்கு ஒரே நேரத்தில் பாயும். கோடையில் ஊர்க் கிணறுகளும் அதே அளவுக்கு முன்னதாக வற்றும். புறநகர் ஏரிகளில் நடந்து பாருங்கள், கலங்கலின் மேல்விளிம்பு ஓர் இடத்தில் மட்டும் பல் விழுந்த வாய் போல இருக்கும்.

இன்னொரு வகை, ஏரிப் புறம்போக்கிலேயே பட்டா ஏறிவிட்டது. 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில் (யு.டி.ஆர்.) இப்படிப்பட்ட தவறுகள் நிறைய நுழைந்தன. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் "ஏரி" என்று இருந்தால், பிந்தைய பட்டாவை ரத்து செய்ய முடியும். குளமாகப் பதிவான நிலத்தை மனையாக ஒதுக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2001இலேயே சொல்லிவிட்டது. ஊர்ப் பொது நிலத்தில் பெரும் செலவு செய்து வீடு கட்டியிருந்தாலும் அதைக் காரணம் காட்டி வரன்முறை செய்ய முடியாது என்று 2011இலும் சொன்னது. உங்கள் பட்டா இதில் எந்த வகை என்று பழைய பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் இப்போது கடை கட்டுகிறார்கள். யாரிடம் கேட்பது?

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக உள்ள பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்தப் பத்திரம் பதிவாகியிருக்கும். அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப்பத்திரம் தெரிந்தால் இடம் உள்ளாட்சியுடையது. விற்றவருக்கு விற்கும் உரிமையே இல்லை. பிறகும் பட்டா பழைய பெயரிலேயே இருப்பதுதான் ஓட்டை. பத்திரம் எழுதி வாங்கும் உள்ளாட்சி பட்டா மாற்றத்தை மறந்துவிடுகிறது. குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து, முதலில் உள்ளாட்சி பெயருக்குப் பட்டா மாற்றச் சொல்லி மனுக் கொடுங்கள். சங்கமே அந்த இடத்தில் கோயில் கட்டலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது.

கேள்வி: எங்கள் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு இணைக்கப் போகிறார்களாம். நிலத்தின் விலை ஏறும் என்று சிலருக்குச் சந்தோஷம். நான் நாற்று நடப் போகிறவள். எனக்கு என்ன ஆகும்?

அம்மா, நேராகச் சொல்கிறேன். நூறு நாள் வேலை ஊரகப் பகுதிக்கான திட்டம். மாநகராட்சியானால் அது நின்றுவிடும். வீட்டு வரி ஏறும். சாலையும் தண்ணீர்க் குழாயும் பிறகு வரலாம், வரி முதலில் வரும். நிலம் இல்லாதவர்களுக்கு நிலத்தின் விலை ஏறுவதால் வாடகை ஏறுவதைத் தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை. ஆட்சேபம் சொல்லக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் கிராம சபைத் தீர்மானத்தோடு கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நீங்கள் குடியிருப்பது நத்தம் நிலமாக (ஊர்க் குடியிருப்புக்கென்று விட்ட நிலம்) இருந்து இன்னும் பட்டா வாங்கவில்லை என்றால், அதை இணைப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். மேய்க்கால், களம், சுடுகாடு ஆகியவற்றின் புல எண்களையும் தீர்மானத்தில் எழுதி வையுங்கள். எல்லை மாறும் காலத்தில் தொலைந்துபோவது அவைதான்.

கேள்வி: நான் நகரமைப்பு படிக்கும் மாணவி. குஜராத்தில் விவசாயிகளின் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பூங்காவுக்கும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாகத் திருப்பித் தருகிறார்கள். இங்கே ஏன் அதைப் பெரிதாகச் செய்வதில்லை?

நல்ல முறைதான். அகமதாபாத்தின் வெளிவட்டச் சாலைக்கு வேண்டிய நிலத்தில் பெரும்பகுதி அப்படித்தான் கிடைத்தது. நிலத்தைக் கையகப்படுத்தி ஊரையே எழுப்புவதைவிட மேல்.

எனக்கு இரண்டு தயக்கங்கள். பட்டாக்காரருக்கு மனை திரும்பக் கிடைக்கும். குத்தகைக்காரருக்கும் கூலியாளுக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் அந்தத் திட்டத்தில் பெயரே இல்லை. இரண்டாவது, நம் பகுதி ஏரிகள் சங்கிலித் தொடர். ஓர் ஏரியின் போக்குக்கால்வாய்தான் அடுத்த ஏரியின் வரத்துக்கால்வாய். திட்டத்தின் எல்லையை ஒரு கிராமத்தின் எல்லையாக வைத்து வரைந்தால், வரத்துக்கால்வாய் வேறு திட்டத்தில் போய் விழும். முதலில் நீர்ப்பிடிப்பை வைத்து எல்லை போட்டு, பிறகு நிலங்களைச் சேர்த்தால் இங்கேயும் செய்யலாம். உங்கள் ஆய்வுக்கு இதை எடுத்துக்கொள்ளுங்களேன்.

கேள்வி: மலிவாக வந்த ஓர் ஏக்கரில் "பஞ்சமி" என்ற பேச்சு அடிபடுகிறது. வாங்கினால் என்ன?

வாங்காதீர்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய நிலம் அது. அந்த மக்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாற்ற முடியாது என்பது ஒதுக்கீட்டின் நிபந்தனை. எத்தனை கை மாறி வந்திருந்தாலும், நடுவில் எத்தனை பத்திரம் பதிவாகியிருந்தாலும் அந்த நிபந்தனை ஒழியாது. மலிவாக வருவதற்குக் காரணமே அதுதான்.

கேள்வி: பரந்தூர் விமான நிலையம் வருகிறது. சுற்றுவட்டாரத்தில் இப்போது வாங்கிப் போட்டால் லாபமா?

லாபக் கணக்குக்கு நான் ஆள் இல்லை. 2022இல் இடம் அறிவிக்கப்பட்டதிலிருந்து அந்தப் பகுதியில் உள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் போராடுகிறார்கள். எடுக்கப்போகும் நிலத்தில் நஞ்சையும் ஏரிகளும் இருக்கின்றன. அங்கே நிலம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி இழப்பீட்டைக் கணக்கிடும்போது, முந்தைய மூன்று ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களின் விலையைப் பார்ப்பார்கள். முத்திரைக் கட்டணத்தை மிச்சப்படுத்த விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் உங்கள் ஊரில் இருந்தால், அந்தக் குறைந்த விலை உங்கள் நிலத்தின் கணக்கையும் இறக்கிவிடக்கூடும்.