பத்தியச் சாப்பாட்டில் புரதம் போதுமா?

கேள்வி: எனக்குச் சிசேரியனில் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். குழந்தைக்கு வாயு சேரும் என்று அம்மா பருப்பு, முட்டை, சுண்டல் எதுவும் தருவதில்லை. காலையிலும் இரவிலும் இட்லி, மதியம் ரசம் சாதம், பூண்டுக் குழம்பு, மாலையில் ஒரு டம்ளர் பால். முடி கொட்டுகிறது, அசதியாக இருக்கிறது. புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

பதில்: பவுடர் இருக்கட்டும், முதலில் உங்கள் தட்டைப் பார்ப்போம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் அதற்கு மேல் 17 கிராம், அடுத்த ஆறு மாதம் 13 கிராம் கூடுதலாக வேண்டும். உங்களுக்கு இப்போது 63 கிராம். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டில் 35 கிராம் தேறினாலே அதிகம்.

இதனால் உங்கள் பாலின் தரம் பெரிதாகக் குறையாது. குறைவதை உங்கள் தசையிலிருந்து எடுத்துப் பாலில் சேர்த்துவிடும் உடம்பு. நஷ்டம் உங்களுக்குத்தான். அறுவைக் காயம் உள்ளே முழுசாக ஆறவும் புரதம் வேண்டும்.

வாயு விஷயத்தை அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பருப்பால் உண்டாகும் வாயு உங்கள் குடலோடு சரி, அது பாலுக்குள் போவதில்லை. இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 கிராம், மதியம் கெட்டிப் பருப்பு ஒரு கரண்டி நிறையப் போட்டுக்கொண்டால் இன்னொரு 6 கிராம். கணக்கு ஏறக்குறைய முடிந்தது. கெட்டிப் பருப்பு என்று அழுத்திச் சொல்லக் காரணம், நம் வீட்டுச் சாம்பாரில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் மத்தி, நெத்திலி நல்லது. பால் சுறாப் புட்டு ஆசைக்கு எப்போதாவது போதும். சுறா வகைகளில் பாதரசம் அதிகம் சேர்கிறது.

பால் நிறையச் சுரக்க வேண்டும் என்றுதான் பலரும் பவுடர் வாங்குகிறார்கள். சுரப்பைக் கூட்டுவது குழந்தை அடிக்கடி, சரியாகச் சப்பிக் குடிப்பதுதான். பல டப்பாக்களில் புரதத்தைவிடச் சர்க்கரை அதிகம். வாங்குவதற்கு முன் பின்பக்க எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

பிரசவத்துக்குப் பின் சில மாதம் முடி கொட்டுவது பெரும்பாலும் இயல்பானதே, தானே சரியாகும். அசதிக்கு மட்டும் ஹீமோகுளோபினும் தைராய்டும் பரிசோதித்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு ஏதும் இருந்தால், புரதத்தைக் கூட்டும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.