பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் வாசிக்கவில்லையா? லென்ஸுக்குக் காசு கொடுக்குமுன் டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: 2004இல் வாங்கிய பெரிய பிளேஸ்டேஷன் 2 ஒன்று வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் கிடந்தது. பின்பக்கத்தில் எஸ்சிபிஎச்-50004 என்று இருக்கிறது. கரண்ட் கொடுத்தால் ஓன் ஆகிறது. வைஸ் சிட்டி, சான் அண்ட்ரியாஸ், டெக்கன் 5 என்று எந்த விளையாட்டைப் போட்டாலும் ‘டிஸ்க் ரீட் எரர்’தான். திருத்துகிற இடத்தில் லென்ஸ் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இப்போதுள்ள டிவியில் எச்டிஎம்ஐ மட்டும்தான் உண்டு. பத்து வயது மகனோடு விளையாட ஆசை. இதற்குச் செலவழிப்பது பிரயோசனமா?

பதில்: பிரயோசனம்தான். ஆனால் லென்ஸுக்கு இன்றைக்கே காசு கொடுக்க வேண்டாம். அந்த மூன்று டிஸ்க்கையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஊதா கலந்து மினுங்கினால் அவை கொப்பி டிஸ்க். அந்தக் காலத்தில் கொப்பியும் ஓடும்படி சிப் போட்டு விற்ற கொன்சோல்களோடு கையில் வந்து சேர்ந்தவை அநேகமாக இந்த இனம்தான். ஒரிஜினல் டிஸ்க்கில் தரவு பிளாஸ்டிக்கிலேயே நுண்ணிய குழிகளாக அழுத்தப்பட்டிருக்கும். கொப்பியில் அது ஒரு மெல்லிய சாயப் படலத்தில் எரிக்கப்பட்டிருக்கிறது. சூடும் புழுக்கமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். இருபது வருடம் அலுமாரியில் கிடந்த கொப்பியை நல்ல லென்ஸாலும் வாசிக்க முடியாமல் போகலாம். அதோடு, கொப்பி டிஸ்க் ஒளியைத் திருப்பி அனுப்புவது ஒரிஜினலை விடக் குறைவு. ஆகவே லென்ஸ் கொஞ்சம் தளர்ந்தாலும் அது முதலில் கைவிடுவது கொப்பிகளைத்தான்.

இதில் ஒரு குழப்பம் வரலாம். சில ஒரிஜினல்களுக்கும் அடி நீலமாக இருக்கும். பிளேஸ்டேஷன் 2இன் சீடி விளையாட்டுகள் கடும் நீலத்தில் வந்தன, டிவிடி விளையாட்டுகள் வெள்ளியில். மேற்பக்க அச்சையும் பார்க்காமல் நீலத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, கடைக்காரர் செய்திருக்க வேண்டிய சோதனை. ஒரு பாட்டுச் சீடி, ஒரு ஒரிஜினல் தமிழ்ப் பட டிவிடி, யாரிடமாவது இரவல் வாங்கிய ஒரிஜினல் விளையாட்டு ஒன்று, இந்த மூன்றும் போதும். பட டிவிடி எல்லாப் பிராந்தியத்துக்கும் பொதுவானதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வேறு பிராந்தியத்து டிஸ்க்கை ஓட விடாத பூட்டைப் பழுது என்று நினைத்துவிடுவீர்கள். இந்தக் கொன்சோல் சீடிக்கு 780 நனோமீற்றர், டிவிடிக்கு 650 நனோமீற்றர் என்று இரண்டு வகை லேசரைப் பாவிக்கிறது. ஒன்று சோர்ந்து மற்றது நன்றாக இருப்பது சாதாரணம். பாட்டுச் சீடி பாடி, டிவிடி மட்டும் ஓடாவிட்டால் டிவிடிப் பக்கம் சோர்ந்திருக்கிறது. மூன்றும் ஓடி, உங்கள் டிஸ்க்குகள் மட்டும் ஓடாவிட்டால் கொன்சோலில் ஒரு பிழையும் இல்லை. மற்ற விளையாட்டுகள் ஓடும்போது கிரான் டுரிஸ்மோ 4, கோட் ஒஃப் வோர் 2 மட்டும் திணறினால் லென்ஸ் களைக்கத் தொடங்கிவிட்டது என்று எடுக்கலாம். அவை இரட்டைப் படலமுள்ள டிவிடிகள், உள் படலத்தை வாசிக்கக் கூடுதல் துல்லியம் வேண்டும்.

எந்த டிஸ்க்குமே ஓடாவிட்டாலும் முதல் வேலை துப்புரவாக்குவதுதான். கடற்கரைப் பக்க வீடுகளில் லென்ஸ் மேல் மங்கலான படலம் படிவது வழக்கம். கடையில் விற்கும் ‘லென்ஸ் கிளீனர்’ தூரிகை டிஸ்க்கை நம்ப வேண்டாம், பிசுபிசுத்த படலம் அதற்குப் போகாது. பாமசியில் கிடைக்கும் ஸ்பிரிட்டும் சரிவராது, அதிலுள்ள தண்ணீர் கறை விடும். இலத்திரனியல் சாமான் கடையில் 99 வீத ஐசோபுரொபைல் அல்ககோல் என்று கேட்டு வாங்குங்கள்.

வயரைச் சுவரிலிருந்து கழற்றி அரை மணி நேரம் விடுங்கள். கொன்சோலைக் கவிழ்த்தால் அடியில் சதுர மூடிகள் தெரியும். அவற்றை நெம்பி எடுத்தால் உள்ளே 8 அல்லது 10 ஸ்க்ரூ இருக்கும். எல்லாவற்றையும் கழற்றி, மேல்பக்கம் மேலே வரும்படி திருப்பிவிட்டு மூடியை மெதுவாகத் தூக்க வேண்டும். பலர் கெடுப்பது இந்த இடத்தில்தான். முன்பக்க பவர், இஜெக்ட் பொத்தான்களுக்குப் போகும் தட்டையான மெல்லிய வயர் ஒன்று இருக்கிறது. மூடியைச் சடாரென்று இழுத்தால் அது கிழியும். கிழிந்தால் டிஸ்க் பிரச்சினை போய் ஓன் ஆகாத பிரச்சினை வரும். பவர் சப்ளைப் பலகையில் கை வைக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கொள்ளளவியில் மின் தேங்கியிருக்கலாம்.

டிரைவின் மேல் தகட்டில் நான்கு சின்ன ஸ்க்ரூ. அதை எடுத்தால் லென்ஸ் தெரியும், உளுந்தளவு கண்ணாடிக் குமிழ். பட்ஸில் அல்ககோலைத் தொட்டு, சொட்டாமல் விரலால் பிழிந்துவிட்டு, அழுத்தாமல் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். லென்ஸ் மெல்லிய வில்லில் தொங்குகிறது, அமுக்கினால் சாயும். காய்ந்த பட்ஸால் இன்னொரு தரம் துடைத்து, ஐந்து நிமிடம் காய விடுங்கள். லென்ஸ் ஓடும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் மஞ்சளாக இறுகியிருந்தால் அதையும் துடைத்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு அரிசியளவு பூசுங்கள். விளையாட்டு பாதி ஓடி ஓரிடத்தில் நின்றுவிடும் பழுதுக்குப் பலமுறை காரணம் இந்த இறுகிய கிரீஸ்தான்.

துப்புரவாக்கியும் ஒரிஜினல் ஓடாவிட்டால் லென்ஸ் மாற்றலாம். பெரிய மாடல்களில் பெரும்பாலும் இருப்பது கேஎச்எஸ்-400பி அல்லது கேஎச்எஸ்-400சி. கழற்றிய பழையதில் எந்த எழுத்து இருக்கிறதோ அதையே வாங்குங்கள். புதிதாக வரும் லென்ஸில் நிலைமின்னிலிருந்து காக்க ஈயப் பொட்டு ஒன்று ஒட்டியிருப்பதுண்டு. பொருத்திய பின் அதை உருக்கி எடுக்காவிட்டால் புது லென்ஸும் எதையும் வாசிக்காது. ‘புதுசும் பழுது’ என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் சில இப்படிப்பட்டவை. இன்னொன்று: ‘லேசரைக் கொஞ்சம் கூட்டித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். லென்ஸ் பக்கத்திலுள்ள சின்னத் திருகைத் திருப்பி லேசருக்குக் கூடுதல் மின் கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சில மாதம் நன்றாக ஓடிவிட்டு முழுதாகச் செத்துவிடும்.

உங்கள் மாடலுக்கு இன்னொரு வழியும் உண்டு. பின்பக்கத்து அறையில் நெட்வேர்க் அடாப்டரும் 3.5 அங்குல ஐடிஇ (பழைய இணைப்பு வகை) ஹார்ட் டிஸ்க்கும் பூட்டலாம். வெளி மென்பொருளையும் ஓட விடும் ஃப்ரீ மெக்பூட் ஏற்றிய மெமரி கார்ட் ஒன்றைப் போட்டு, ஓபன் பிஎஸ்2 லோடர் என்ற மென்பொருள் மூலம் உங்களிடமுள்ள ஒரிஜினல்களின் பிரதியை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஓட்டினால் லென்ஸுக்கு வேலையே இல்லை. யூஎஸ்பி பென் டிரைவில் ஓட்டும்படி சொல்பவர்களும் இருக்கிறார்கள். இதிலுள்ள யூஎஸ்பி 1.1 மிக மெதுவானது, இடைக்காட்சிகள் விக்கி விக்கித்தான் வரும்.

டிவி விஷயம் சுலபம். கொன்சோலின் பின்னால் நேரே செருகும் சின்ன எச்டிஎம்ஐ அடாப்டர் போதும், அதற்கு மின்சாரம் முன்பக்க யூஎஸ்பியிலிருந்து வரும். படம் பச்சையடித்தால் அடாப்டரைத் திட்டாதீர்கள். கொன்சோலின் சிஸ்டம் கொன்ஃபிகரேஷன் மெனுவில் ‘கொம்பொனென்ட் வீடியோ அவுட்’ என்பது ஆர்ஜிபியில் நிற்கிறது, வை சிபி/பிபி சிஆர்/பிஆர் என்பதற்கு மாற்றுங்கள். டிவியில் கேம் மோடை ஓன் செய்யுங்கள், இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் அடி விழும், டெக்கனில் அது தாங்காது. படத்தை 4:3இல் வையுங்கள், முகங்கள் அகலாது. ஒரு எச்சரிக்கை: டைம் கிரைசிஸ் என்ற சுடும் விளையாட்டின் துவக்கு பழைய குழாய் டிவியில்தான் வேலை செய்யும், எல்இடியில் குறி பிடிக்காது.

நான் காசைப் போடச் சொல்வது கொன்ட்ரோலரில். சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் போலி. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. ஒரிஜினல் டுவல்ஷொக் 2இன் பொத்தான்கள் எவ்வளவு பலமாக அழுத்துகிறீர்கள் என்பதை உணரும், போலிகள் பலவற்றில் அது இல்லை. மெட்டல் கியர் சொலிட் 3 விளையாட்டில் எதிரியைப் பின்னாலிருந்து பிடித்து, வட்டப் பொத்தானை மெல்ல அழுத்தி வைத்தால் அவன் உங்கள் கையில் இருப்பான். பலமாக அழுத்தினால் கழுத்தறுபடும். போலிக் கொன்ட்ரோலருக்கு மெல்ல என்றால் என்னவென்று தெரியாது, விசாரிக்கப் பிடித்தவனெல்லாம் செத்துப் போவான். வாங்குமுன் சோதிக்கக் கிரான் டுரிஸ்மோ போதும்: எக்ஸ் பொத்தானைப் பாதி அழுத்தினால் கார் பாதி வேகத்தில் போக வேண்டும்.

இனி எதை விளையாடுவது? வைஸ் சிட்டியும் சான் அண்ட்ரியாஸும் பெரியவர்களுக்கானவை, மகன் தூங்கிய பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். அவனோடு தொடங்க டெக்கன் 5இன் ஒரிஜினலைத் தேடிப் பிடியுங்கள். 2005இல் வந்த அந்த டிஸ்க்குக்குள் டெக்கன் 1, 2, 3இன் ஆர்கேட் பதிப்புகளும் இருக்கின்றன. உங்கள் தலைமுறையின் டெக்கன் 3ஐ அவனுக்குக் காட்டிவிட்டு 5க்கு வரலாம். காரோட்டம் என்றால் பேர்ன்அவுட் 3: இடித்து நொறுக்குவதற்கே புள்ளி கிடைக்கும் விளையாட்டு, பத்து வயதுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! கிரிக்கெட்டுக்கு ஈஏ நிறுவனத்தின் கிரிக்கெட் 07. வலது ஸ்டிக்கைத் தள்ளும் திசைக்கு மட்டை வீசும், கால் நகர்வு இடது ஸ்டிக்கில். முதல் நாள் எரிச்சல் வரும், பழகினால் விட மனம் வராது. ஐரோப்பியப் பதிப்புகளில் சில 50 ஹேர்ட்ஸில் (விநாடிக்கு 50 தடவை படம் மாறும் வேகம்) மட்டும் ஓடி, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வரும். ஃபைனல் ஃபான்டசி 10 அப்படித்தான், அது பழுதல்ல.

பழைய மெமரி கார்டில் சேவ்கள் (விளையாடிச் சேமித்தவை) இருந்தால் விளையாடத் தொடங்குமுன் பிரவுசர் மெனுவில் இன்னொரு கார்டுக்குப் பிரதி எடுங்கள். அது சோனியின் 8 எம்பி கார்டாக இருக்கட்டும். 64, 128 எம்பி என்று விற்கும் பெயர் தெரியாத கார்டுகளைச் சில விளையாட்டுகள் அடையாளம் காணாது, சில நேரம் எழுதியதையும் கெடுத்துவிடும். ஓன் செய்யும் ஒவ்வொரு முறையும் திகதி கேட்டால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டரி முடிந்திருக்கிறது. அது கடிகாரத்துக்குத்தான், சேவ்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துப்புரவாக்கக் கொன்சோலைத் திறக்கும் அன்றே அதையும் மாற்றிவிடுங்கள்.