வாசகர் கேள்வி பதில்: கோலி கொண்டுவந்த ஆற்றல் எங்கே போனது?

கேள்வி: மகள் 8-ஆம் வகுப்பு படிக்கிறாள். நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதைக் காட்ட, 30 செ.மீ. அளவுகோலைப் புத்தக அடுக்கில் சாய்த்துக் கோலியை உருட்டினோம். அடியில், விளிம்பில் ஜன்னல் வெட்டிக் கவிழ்த்த பேப்பர் கப். 10 செ.மீ. உயரத்திலிருந்து விட்டபோது கப் 12 செ.மீ. நகர்ந்தது. அடுக்கை 20 செ.மீ. ஆக்கினால் 24 வர வேண்டுமே, 15தான் வருகிறது. சூத்திரம் பொய்யா?
- வாசகி, காரைக்குடி

பதில்: சூத்திரம் சரிதான். நிலை ஆற்றல் என்பது நிறை (கிலோவில்) × 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்) × உயரம் (மீட்டரில்). 5 கிராம் கோலிக்கு 10 செ.மீ. உயரத்தில் 0.0049 ஜூல், 20 செ.மீ. உயரத்தில் 0.0098 ஜூல். ஆற்றல் இரட்டிப்பாகத்தான் இருந்தது, கப் வரை வந்து சேரவில்லை. அது தொலைந்த இடம், அளவுகோல் தரையைத் தொடும் முனை.

சரிவில் இறங்கும் கோலி அங்கே 'டொக்' என்று தரையில் மோதித்தான் திசை மாறுகிறது. கீழ்நோக்கிய வேகம் அந்த மோதலில் வீணாகிவிடும். சரிவு செங்குத்தாக ஆக ஆக இழப்பும் கூடும். உங்கள் அளவுகோலில் 10 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 9-இல் 1 பங்கு போகிறது, 20 செ.மீ. உயரத்துக்கு 9-இல் 4 பங்கு போகிறது. முதலில் மிஞ்சியது 9-இல் 8 பங்கு, அடுத்து இரட்டிப்பு ஆற்றலில் 9-இல் 5 பங்கு, அதாவது 8-க்கு 10, 1.25 மடங்கு. 12-ஐ 1.25-ஆல் பெருக்கிப் பாருங்கள், 15! மகள் மிகக் கவனமாக அளந்திருக்கிறாள், பாராட்டுங்கள்.

இனி சரிவை மாற்றாதீர்கள். எலக்ட்ரிக்கல் கடையில் ஒயர் ஓட்டும் பிளாஸ்டிக் கேசிங் பட்டி 60 செ.மீ. வாங்கி, மேல்முனையை 20 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். உச்சியிலிருந்து ஒரு முறை, சரிபாதியிலிருந்து ஒரு முறை விடுங்கள். பாதியில் உயரம் 10 செ.மீ. சாய்வு ஒன்றே என்பதால் இழப்பின் பங்கும் ஒன்றே, தூரம் இரட்டிப்பாகும். கீழ்முனையில் ஒரு தபால் அட்டையை வளைத்து ஒட்டினால் 'டொக்'கும் குறையும். ஒவ்வோர் உயரத்துக்கும் ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். கோலியைத் தள்ளாமல், விரலை விலக்கி மட்டும் விடவேண்டும்.

வீட்டின் வளவிலோ (முற்றம்) பட்டாலையிலோ (கூடம்) செய்கிறீர்களானால், ஆத்தங்குடிக் கல் தரையில் நேரடியாக வேண்டாம். புழங்கி மெருகேறிய இடத்தில் கப் வழுக்கிக்கொண்டு போகும், கல் இடுக்கில் தட்டி நிற்கும். ஒரு சார்ட் பேப்பரைப் பரப்பி, ஓரங்களை டேப்பால் ஒட்டிவிட்டு அதன்மேல் செய்யுங்கள்.

கேள்வி: ஆயா வீட்டு ஊஞ்சலில் நான் மட்டும் ஆடினாலும் தம்பியோடு ஆடினாலும் வேகம் ஒன்றா?
- 7-ஆம் வகுப்பு மாணவி, தேவகோட்டை

பதில்: ஒரே உயரத்திலிருந்து இறங்கினால் ஒன்றுதான். பலகை 40 செ.மீ. உயர்ந்து இறங்கினால், நடுவில் வேகம் விநாடிக்கு 2.8 மீட்டர். எடை கூடினால் ஆற்றல்தான் கூடும்: 30 கிலோவுக்கு 117.6 ஜூல், 50 கிலோவுக்கு 196 ஜூல். அதனால்தான் இருவர் ஆடும் ஊஞ்சலைக் கையால் பிடித்து நிறுத்துவது கடினம். குறுக்கே யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.