சூழலியல் தடத்தைக் குறைக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். சூழலியல் தடத்தைக் கணக்கிடும் இணையப் பக்கம் ஒன்றில் எங்கள் விவரங்களைக் கொடுத்தேன். ‘எல்லோரும் உங்களைப் போல வாழ்ந்தால் 3.1 பூமி வேண்டும்’ என்று வந்தது. அன்றிலிருந்து மனசே சரியில்லை. பெட்ரோல் காரை விற்றுவிட்டுக் கடனில் மின்சாரக் கார் எடுக்கலாம், கூரையில் சோலார் போடலாம் என்கிறேன் நான். ‘இதெல்லாம் காசு புரள்கிறவர்கள் செய்வது’ என்கிறார் கணவர். கார் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. வருடம் ஒருமுறை இருவரும் விமானத்தில் வெளிநாடு போய்வருகிறோம். கிரெடிட் கார்டில் கொஞ்சம் பாக்கி உண்டு. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கடன் விண்ணப்பத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று நம்புகிறேன். போடாதீர்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன்னால், உங்களைக் கலங்கடித்த அந்த 3.1 என்ன என்று பார்த்துவிடுவோம்.

1990களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மதிஸ் வாக்கர்நாகெலும் உருவாக்கிய கணக்கு இது. நாம் உண்பது, உடுப்பது, எரிப்பது, கட்டுவது எல்லாவற்றுக்கும் எவ்வளவு விளைநிலம், மேய்ச்சல் நிலம், காடு, மீன்பிடி நீர்ப்பரப்பு வேண்டும், நாம் வெளிவிடும் கரியமிலவாயுவை உறிஞ்ச எவ்வளவு காடு வேண்டும் என்று கூட்டிச் சொல்கிறார்கள். அளவு ‘உலக ஹெக்டேர்’, அதாவது உலகச் சராசரி விளைச்சல் தரும் ஒரு ஹெக்டேர் (சுமார் இரண்டரை ஏக்கர்). பூமி ஆண்டுதோறும் தரக்கூடியதைத் தலைக்குப் பங்கு போட்டால் சுமார் 1.5 ஹெக்டேர் வரும். மனிதர்கள் சராசரியாக எடுத்துக்கொள்வது 2.6ஐ ஒட்டி. உங்கள் 3.1 பூமி என்பது ஏறக்குறைய 4.6 ஹெக்டேர்.

பண ஆலோசனை சொல்லும் என் தொழில் பாஷையில் சொன்னால், வட்டியில் வாழ வேண்டிய மனிதக் குடும்பம் 1970களின் தொடக்கத்திலிருந்து அசலில் கை வைத்துக்கொண்டிருக்கிறது. ஓர் ஆண்டின் வட்டி தீர்ந்துபோகும் நாளையும் ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள். 2025-ல் அது ஜூலை 24. மீதி ஐந்து மாதச் செலவும் அசலிலிருந்துதான்.

ஒன்றைக் கவனியுங்கள். சாலை, மருத்துவமனை, அரசு அலுவலகம் போன்ற பொதுச் செலவின் பங்கையும் உங்கள் தலையில் எழுதித்தான் அந்த 3.1 வந்திருக்கிறது. அதை நீங்கள் தனியாகக் குறைக்க முடியாது. அதனால் ‘ஒரு பூமி’க்கு வந்தே தீர வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். உலகின் மொத்தத் தடத்தில் சுமார் 60 சதவீதம் கரியமிலவாயுக் கணக்கு. உங்கள் கைக்கு எட்டும் குறைப்பும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

இப்போது காருக்கு வருவோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் 4,000 கிலோமீட்டருக்கு 267 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமிலவாயு. ஆக, உங்கள் கார் ஆண்டுக்கு விடுவது 600 கிலோ சொச்சம். ஆறேழு மணி நேரம் பறந்துபோய்த் திரும்பும் ஒரு பயணமோ ஒருவருக்கு அரை டன்னுக்குக் குறையாது. அவ்வளவு உயரத்தில் புகை விடுவதால் வரும் மற்ற விளைவுகளையும் சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டும். நீங்கள் இருவர். அதாவது ஒரே ஒரு விடுமுறை, வருடம் முழுக்க ஓடும் காரை விஞ்சிவிடுகிறது. மின்சாரக் காரைத் தயாரிக்கும்போதே, குறிப்பாக அதன் பேட்டரிக்காக, பெட்ரோல் காரைவிடக் கூடுதல் கரியமிலவாயு வெளியாகிறது. ஓட ஓடத்தான் அந்தக் கணக்கு நேராகும். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் என் பதில் வேறு. உங்களுக்கு இப்போது அது வேண்டாம். வெளிநாட்டுப் பயணத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினால் ஒரு பைசா கடன் இல்லாமல் அதைவிடப் பெரிய குறைப்பு கிடைக்கும். மிச்சமாகும் டிக்கெட் பணத்தில் முதலில் கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள். அந்த வட்டியைக் கட்டிக்கொண்டே சேமிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். வீட்டுக்குள்ளும் அளந்துவிட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவே செருகும் சின்ன மீட்டர் ஒன்று கிடைக்கிறது. என் வீட்டுப் பழைய பிரிட்ஜில் அதைச் செருகியபோது ஒரு நாளைக்கு 2 யூனிட் காட்டியது. புதிது வாங்கக் கிளம்பிவிட்டேன். பழுது பார்ப்பவர் தடுத்தார். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்க்கச் சொன்னார். மேலே இறுக்கமாக நின்ற காகிதம், கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் அங்கே தட்டையாகிப் போயிருந்தது. அதை மட்டும் மாற்றினோம். மறுவாரம் மீட்டர் 1.4-க்கு இறங்கியது. ஆண்டுக்கு 200 யூனிட்டுக்கு மேல் மிச்சம். நல்ல நிலையில் இருக்கும் பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் ‘பசுமையான’ பொருள் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. செல்போன் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அதன் ஆயுள் முழுவதற்குமான கரியமிலவாயுவில் பெரும்பகுதி நீங்கள் அதைக் கையில் வாங்குவதற்கு முன்பே வெளியாகிவிடுகிறது.

ஒரு பொருளை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது, அதை முதலீடாகப் பாருங்கள். மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும் மாடலுக்குக் உதாரணத்துக்குக் கூடுதலாக 100 ரூபாய் கொடுத்து, ஆண்டுக்கு 20 ரூபாய் மிச்சமாகி, அது 15 வருடம் உழைத்தால், உங்கள் பணத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வருமானம் கிடைத்த மாதிரி. அதற்கு வரியும் கிடையாது, சந்தை ஏற்ற இறக்கமும் கிடையாது. இப்படி ஒரு திட்டத்தை என்னிடம் யாராவது கொண்டுவந்தால் சந்தேகப்படுவேன்; மீட்டர் காட்டினால் நம்புகிறேன். சோலாரும் நல்லதுதான். ஆனால் மின்செலவைக் குறைத்த பிறகு அளவு எடுங்கள். அப்போது சின்ன அமைப்பே போதுமானதாக இருக்கலாம். கூரையில் பகல் முழுவதும் நிழல் விழாத இடம் எவ்வளவு என்று ஒரு நாள் மேலே ஏறிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விட முடியாது. 2022-ல் உலகில் 100 கோடி டன்னுக்கு மேல் உணவு வீணானது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். அதில் 60 சதவீதம் வீடுகளில். கெட்டுப்போய்க் கொட்டும் ஒவ்வொன்றையும் ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள். ஆடு, மாட்டு இறைச்சியைக் குறைத்துப் பருப்பு வகைகளைக் கூட்டினால் தடமும் செலவும் சேர்ந்தே இறங்கும்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று: மிச்சமான பணம் எங்கே போகிறது? நீராவி எந்திரங்கள் திறன் கூடக் கூட நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது என்று 1865-லேயே சுட்டிக்காட்டினார் பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். வீடுகளிலும் அதே கதைதான். மின்கட்டணத்தில் மிச்சம் பிடித்த காசு, வருடக் கடைசியில் இன்னொரு விமான டிக்கெட்டாக மாறினால் தடம் கூடத்தான் செய்யும். அதனால் மிச்சத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். முன்பு கட்டிய தொகைக்கும் இப்போது கட்டும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் மாதம் பிறந்ததும் தானாக அங்கே போகட்டும். கார்டு பாக்கி தீர்ந்தபின், ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான அவசர நிதி சேரும் வரை அதைத் தொட வேண்டாம். அதற்குமேல் சேர்வதுதான் சோலாருக்கு.

உங்கள் கணவர் சொன்னதற்கும் பதில் இதில் இருக்கிறது. நான் இப்போதே செய்யச் சொன்னவற்றில் காசு கேட்பது மீட்டரும் ரப்பரும்தான். இன்றைக்குக் காரின் ஓடோமீட்டர் எண்ணையும் மின்மீட்டர் எண்ணையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி குறித்து, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். கார் விஷயத்தை அப்போது மீண்டும் பேசுவோம்.