ஆட்டிசமும் உடல்மொழியும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்குப் பதிமூன்று வயது, ஆட்டிசம் உள்ளவன். நன்றாகப் பேசுவான், படிப்பான். போன வாரம் ஆபீஸில் ஒரு பிரச்சினை. வீட்டுக்கு வந்ததும் பையைச் சோபாவில் வீசிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவன் பக்கத்தில் வந்து, "பை ஜிப் திறந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். "இவனுக்குப் பாசமே கிடையாது" என்கிறார் என் மாமியார். சந்தோஷம் வந்தால் கைகளை உதறிக்கொண்டு குதிப்பான். அதையும் நிறுத்திப் பழக்கச் சொல்கிறார். நான் உட்கார்ந்திருந்த கோலம் அவன் கண்ணில் படவே இல்லையா?

ச.

அன்புள்ள ச.,

பட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஜிப் திறந்திருந்ததைக் கவனித்த கண் அது. பார்த்த அசைவிலிருந்து 'அம்மா வருத்தமாக இருக்கிறாள்' என்ற இடத்துக்குப் போவதுதான் அவனுக்குத் தானாக நடப்பதில்லை.

இதை ஆராய ஓர் அழகான வழி இருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலாவில் குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று ஓர் ஆளின் மூட்டுகளில் வெளிச்சப் புள்ளிகளை வைத்து இருட்டில் படம்பிடித்தார்; 1973-இல் அதை வெளியிட்டார். முகம் தெரியாது, உடை தெரியாது. பத்துப் பன்னிரண்டு புள்ளிகள், அவ்வளவுதான். ஆள் அசையாமல் நின்றால் ஒன்றும் புரியாது. அடியெடுத்து வைத்த உடனே, யாரோ நடக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பின்னால் வந்தவர்கள் சோகம், கோபம், பயத்தையும் இதே முறையில் பதிவுசெய்தார்கள். 1997-இல் மூர், ஹாப்சன், லீ என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட படங்களைக் காட்டினார்கள். அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதைப் பிள்ளைகள் நன்றாகவே சொன்னார்கள். அவர் மனநிலை பற்றித்தான் அவர்கள் பேச்சில் அதிகம் வரவில்லை. உங்கள் வீட்டு ஜிப் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதோடு நிறுத்தினால் பழி முழுக்கப் பிள்ளை தலையில் விழும். அதனால் லண்டனில் ஜெனிஃபர் குக்கும் சகாக்களும் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். பெரியவர்களைக் கூப்பிட்டு, கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் கை மற்றவர்களுடையதைவிட வேகமாகவும் வெட்டிவெட்டியும் நகர்ந்தது. அடுத்தவர் அசைவைப் புரிந்துகொள்ள நாம் நம் உடம்பின் அனுபவத்தையும் பயன்படுத்துகிறோம் என்று ஒரு கருத்து உண்டு. அப்படியானால் உங்கள் தளர்ந்த தோள், அவன் படித்துப் பழகாத எழுத்து.

அவன் எழுத்து நமக்கும் அப்படித்தான். 2016-இல் வந்த ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் இரண்டு முக்கோணங்களை நகர்த்தியே கேலி செய்வது, தாஜா செய்வது போன்றவற்றைக் காட்டச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் நகர்த்தியதை மற்றவர்களால் அவ்வளவாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. புரியாமை இருபக்கமும் இருக்கிறது என்று, தானே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-லேயே எழுதினார்.

உங்கள் மாமியார் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உணர்ச்சியை அடையாளம் காண்பது வேறு, அக்கறை வேறு. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தங்கள் மனதில் ஓடும் உணர்ச்சி எது என்று சொல்வதே கஷ்டம். அதைக் கல்மனசு என்பது அநியாயம். ஜிப் திறந்திருக்கிறது என்று வந்து சொன்னானே, பையிலிருந்து எதுவும் விழுந்துவிடக் கூடாது என்ற அக்கறையாக அது ஏன் இருக்கக் கூடாது? அடுத்த தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "அம்மாவுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல. கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காரு." என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

அப்புறம், கை உதறுவது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அவனையோ பிறரையோ காயப்படுத்தாதவரை அதில் தலையிட வேண்டியதில்லை. சின்ன வயதில் அதை அடக்கிப் பழக்கியதால் பட்ட அவதியை வளர்ந்தபின் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். சந்தோஷத்தில் உதறுவதும் பதற்றத்தில் உதறுவதும் ஒரே மாதிரி இருக்காது. வேகம் மாறலாம், கை நிற்கும் உயரம் மாறலாம், கூடவே வரும் சத்தம் மாறலாம். பெற்ற உங்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும். மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எது எப்போது வருகிறது என்று அவருக்கும் காட்டிக்கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா